எலிக்கு எத்தனை வாசல்?

லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, காயில் கட்டும் கடை, தச்சுப் பட்டறை, தறிக்கூடம் என்று ஆளுக்கொரு கூரையின் கீழ் ஆறு நாளும் பாடுபட்டுவிட்டு, ஏழாம் நாளையும் எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தோழர்களே! சகோதரிகளே!

"கிராமத்துப் பட்டறைகளில் சிற்றுயிர்த் தொல்லையும் தடுப்பும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த என் பேரன், "தாத்தா எலியைப் பத்திப் பேசப் போறாரு" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டான். நானும் மறுக்கவில்லை. எலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எலிக்குத் திறந்த வழியிலேயே வந்து சேரும் பல்லி, எறும்பு, குளவி, கரையான், கடைசியாகப் பாம்பு ஆகியவற்றைப் பற்றியும் பேசப் போகிறேன்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பட்டறையில் எலி வந்துவிட்டது என்றதும் நம் கை முதலில் எங்கே போகிறது? சட்டைப் பைக்குப் போகிறது. பத்து ரூபாயோ இருபது ரூபாயோ எடுத்துப் பையனிடம் கொடுத்து, எலி மருந்து வாங்கி வரச் சொல்கிறோம். ஒரு எலி சாகிறது. நிம்மதி. பத்து நாள் கழித்து இன்னொரு எலி. மறுபடியும் பத்து ரூபாய். ஏன் வராது? தங்க இடம் இருக்கிறது, தின்னச் சாப்பாடு இருக்கிறது, வழி திறந்து கிடக்கிறது. செத்த எலியின் இடத்துக்கு அடுத்த எலி வராமல் வேறு என்ன செய்யும்? எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஆறு, எட்டு. அந்தக் குட்டிகள் சில மாதங்களில் தாமே தாயாகிவிடும். இந்தக் கணக்கோடு மருந்துப் பொட்டலத்தால் போட்டி போட முடியுமா? எந்த மருந்து நல்ல மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள். எலிக்கு எத்தனை வாசல் என்று கேளுங்கள். இன்று நான் சொல்ல வந்தது அந்த வாசல் கணக்கைத்தான்.

வாசலைத் தேடுமுன் வருகிறவர் யார் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர். ஒன்று சுண்டெலி. உடம்பு சிறிது, துணிச்சல் பெரிது. பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது ஆறு மில்லிமீட்டர் போதும், உள்ளே வந்துவிடும். இரண்டாவது வீட்டெலி. இது மேலே போகிற சாதி. சுவர் ஏறும், கேபிள் மேல் நடக்கும், தென்னை ஓலையிலிருந்து கூரைக்குத் தாவும். மூன்றாவது பெருச்சாளி. இது கீழே போகிற சாதி. அஸ்திவாரத்தை ஒட்டி வளை தோண்டி, லேத் மிஷின் நிற்கிற தரைக்கு அடியிலேயே மண்ணைக் காலி பண்ணும். சுண்டெலிக்குச் சந்து, வீட்டெலிக்குக் கூரை, பெருச்சாளிக்குத் தரை. ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டு, "அடைச்சும் பிரயோஜனம் இல்லீங்க" என்று சொல்கிறவர்கள் மற்ற இரண்டையும் பார்ப்பதே இல்லை.

நடுவில் ஒரு வழக்கையும் வாதாடிவிடுகிறேன். மூஞ்சூறு என்று ஒன்று இருக்கிறதே, நீண்ட மூக்கு, கீச்சுக் குரல், பக்கத்தில் போனால் வாடை. அது எலி இனமே இல்லை. பூச்சி தின்னும் பிராணி. உங்கள் கேபிளைக் கடிக்கிற பல் அதற்குக் கிடையாது. இரவெல்லாம் கரப்பான் பூச்சியைத் தேடித் தின்கிறது. பிள்ளையார் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, அவர் வாகனத்தைத் துடைப்பத்தால் அடித்துக் கொல்கிறோம். இது நியாயமா?

சரி, எலியின் பல்லுக்கு வருவோம். முன்பற்கள் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாமல் விட்டால் வருஷத்துக்கு நாலைந்து அங்குலம் வளரும். தேய்ப்பதற்காகவும் வழி உண்டாக்குவதற்காகவும் அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும். அடுத்த முறை பொறியில் எலி மாட்டினால் பல்லைப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். அழுக்கு என்று நினைக்காதீர்கள், பல்லின் மேற்பூச்சில் இரும்புச் சத்து இருக்கிறது. அந்தப் பூச்சு சாதாரண இரும்பைவிடக் கடினமானது. இன்னொரு விசேஷம்: கொறிக்கும்போது எலி தன் கன்னச் சதையை உள்ளே இழுத்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயை மூடிக்கொள்ளும். கொறித்த தூள் தொண்டைக்குப் போகாது. மரமோ பிளாஸ்டிக்கோ ஈயமோ, ருசி அதற்குப் பொருட்டில்லை. நாம் என்ன செய்கிறோம்? இப்படிப்பட்ட பல்லுக்கு எதிராக ஓட்டையில் பழைய துணியைத் திணிக்கிறோம். தெர்மாகோல் வைக்கிறோம். கொஞ்சம் வசதியானவர்கள் நுரை ஸ்ப்ரே அடிக்கிறார்கள். எலிக்குக் கூடு கட்ட மெத்தையும் நாமே வாங்கிக் கொடுத்தாயிற்று!

அப்படியானால் எதைக் கொண்டு அடைப்பது? அதற்கு முன் எங்கே அடைப்பது என்று தெரிய வேண்டும். பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரியில், பட்டறைக்குள் இருக்கிற எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, வெளியே வந்து சுற்றி நடங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் வாசல். கூரை ஓரம் முழுக்க விளக்குத் தோரணம் கட்டியது போல் வெளிச்சம் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் ஒவ்வொரு அலைக்கும் கீழே, சுவருக்கு மேலே, இரண்டு விரல் நுழைகிற சந்து இருக்கிறது. முப்பதடி சுவர் என்றால் அறுபது சந்து. கட்டிய கொத்தனார் அடைக்கவில்லை, கட்டச் சொன்ன நாமும் கேட்கவில்லை.

அந்தச் சந்துகளைக் கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷை அலையின் வடிவத்துக்கு வெட்டி வைத்துச் சிமெண்ட் பூசி அடைக்க வேண்டும். கோழிக் கூண்டுக்குப் போடுகிற பெரிய கண் வலை வேண்டாம், சுண்டெலி அதில் ஊர்வலமே போகும். காற்று வேண்டும் என்கிற இடத்தில் மெஷ் மட்டும் போதும். வெல்டிங் பட்டறைக்குக் காற்றோட்டம் அவசியம், அதை அடைத்துவிடாதீர்கள். தரையோரத்து வளை என்றால், சிமெண்டோடு உடைந்த கண்ணாடித் துண்டைக் கலந்து அடைக்கிற பழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. நல்ல பழக்கம். ஆனால் ஈரச் சிமெண்டை எலி அன்றைக்கே தோண்டிவிடும். அது இறுகும்வரை மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கல் வையுங்கள்.

பெருச்சாளிக்கு வேறு உபாயம். அது சுவரை ஒட்டித்தான் கீழே தோண்டும். சுவரோரமாக ஓரடி ஆழம் பள்ளம் எடுத்து, மெஷ்ஷை ஆங்கில எல் எழுத்துப் போல மடக்கி, அடிப்பக்கம் வெளியே நீளும்படி புதைத்து மூடிவிடுங்கள். சுவரோரம் இறங்கி வருகிற பெருச்சாளி அடியில் வலையில் முட்டும். பின்வாங்கி, ஓரடி தள்ளித் தோண்டலாம் என்கிற யோசனை அதற்கு வருவதில்லை. அங்கேயே முட்டி முட்டிக் கைவிட்டுவிடும்.

ரோலிங் ஷட்டரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஷட்டர் முழுசாக இறங்கிவிட்டது என்று பூட்டுகிறோம். இரண்டு ஓரத்திலும் கைடு சேனல் தரையைத் தொடுகிற மூலையைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கட்டை விரல் அகலத்துக்குச் சந்து இருக்கும். தரை தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே ஒரு இரும்புப் பட்டையைப் பதித்துத் தரையைச் சமன் செய்தால் போதும். மேலே, ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் அணில் கூடு கட்டும், குளவி கூடு கட்டும், எலியும் குடித்தனம் நடத்தும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

தென்னை மரத்துக்குத் தகரப் பட்டை அடிப்பதைத் தோப்புகளில் பார்த்திருப்பீர்கள். எலி ஏறாமலிருக்க, ஆள் உயரத்துக்கு மேல் வழவழப்பான தகடு. துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற வடத்தில் வட்டமான தகடு மாட்டியிருப்பதும் இதே காரணத்துக்குத்தான். வழவழப்பான பரப்பில் எலிக்குப் பிடி கிடைக்காது. உங்கள் பட்டறைக்குக் கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயர் குழாய், தண்ணீர்க் குழாய், ஸ்டே கம்பி இவையெல்லாம் எலிக்கு ஏணி. தகடு வெட்டவும் தெரியும், வெல்டு வைக்கவும் தெரியும், நமக்கா தகடு மாட்டத் தெரியாது? மின்வாரியத்துக்குச் சொந்தமான வயரில் மட்டும் கை வைக்காதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள். கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிற கிளையை ஆறடியாவது விலக்கி வெட்டுங்கள்.

வெளிவாசல் முடிந்தது. உள்ளே வருவோமா?

உள்ளே எலிக்கு நாம் வைத்திருக்கிற விருந்தைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். கை துடைக்கத் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வாங்கி மூலையில் போடுகிறோம். உலகத்தில் எலிக் குட்டிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. அதை மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள், இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து, தூக்குச்சட்டி கழுவிய தண்ணீரும் பருக்கையும். அடுத்து, வடை மடித்த எண்ணெய்க் காகிதம். தறிக்கூடத்தில் இன்னும் மோசம்: பாவுக்குப் போடுகிற கஞ்சியே எலிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு. கஞ்சி போட்ட நூலை ராத்திரி திறந்து போட்டுவிட்டு, காலையில் இழை அறுந்திருக்கிறது என்று யாரைக் கோபிக்கிறோம்? குழித்தறியின் குழி இருக்கிறதே, அது தேளுக்கும் எலிக்கும் தோதான இடம். காலை விடுமுன் டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் உள்ள நெசவாளர் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம்... பரவாயில்லை, பாதிப் பேர் இருக்கிறீர்கள்.

ஆயுத பூஜையை மறக்கலாமா? வருஷம் முழுக்கக் கூட்டாத மூலையை அன்றைக்குத்தான் கூட்டுகிறோம். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் அவலும் படைக்கிறோம். நல்லது. பிறகு? இரண்டு நாள் விடுமுறை என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறோம். சிதறிய பொரி மிஷினுக்கு அடியில் கிடக்கிறது. மழைக்காலம் தொடங்குகிற நேரம் அது. வயலில் வளைக்குள் தண்ணீர் புகுந்து எலிகள் மேட்டைத் தேடி வருகிற நேரத்தில், நம் பட்டறையில் பொரி கடலை! படைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

பொருள்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். எலி மீசையால் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஒரே தடத்தில் ஓடி ஓடி, உடம்பு எண்ணெய் பட்டுச் சுவரின் அடியில் கரும்பட்டை விழுந்திருக்கும். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே ஒன்றரை அடி விட்டு, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி ஸ்டாண்டில் வைத்தால், எலிக்கு மறைவும் இல்லை, நமக்குக் கூட்டவும் வழி உண்டு. எந்த வழியாக வருகிறது என்று சந்தேகமா? சாயங்காலம் அந்த இடத்தில் கொஞ்சம் கோலமாவைத் தூவுங்கள். காலையில் காலடி சாட்சி சொல்லும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். காயில் கட்டுகிறவன் நான். எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறவர் வழக்கமாகச் சொல்வது, "வோல்டேஜ் சரியில்லீங்க". எண்ட் கவரைக் கழற்றிப் பார்ப்பேன். ஸ்டார் இணைப்பு மோட்டாராக இருந்தால், இரண்டு பேஸ் காயில் கன்னங்கரேல் என்று கருகியிருக்கும், மூன்றாவது பேஸ் மட்டும் வார்னிஷ் மினுக்கோடு புதுசாக நிற்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், மூன்று பேஸில் ஒன்று வராமல் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட்டரையும் கொண்டுவாருங்கள் என்பேன். திறந்தால், கான்டாக்டருக்கு நடுவே காய்ந்து அப்பளமாக ஒரு பல்லி.

பல்லிக்கு அங்கே என்ன வேலை? பெட்டிக்குள் கதகதப்பு. இண்டிகேட்டர் வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது. பட்டனை அமுக்கும்போது கான்டாக்டுகளுக்கு நடுவே அது நசுங்குகிறது, ஒரு கான்டாக்ட் மட்டும் சேரவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டு மிச்ச இரண்டு பேஸில் அதிகக் கரண்டை இழுக்கிறது. ஓவர்லோடு ரிலே அப்போது டிரிப் ஆக வேண்டும். ஆனால், "அடிக்கடி டிரிப் ஆகுதுங்க" என்று யாரோ அதை ஏற்றி வைத்திருப்பார், அல்லது நேர்க் கம்பி போட்டிருப்பார். சில நிமிஷங்களில் காயில் புகைகிறது. எறும்பும் இதே வேலையைச் செய்யும். ஒன்று நசுங்கினால் அதன் வாசனைக்கு மற்றவை வந்து, கான்டாக்ட் முனையில் எறும்புப் பொடி சேர்ந்துவிடும்.

இதற்குப் பரிகாரம்? கேபிள் நுழைகிற ஓட்டையில் அளவான கிளாண்டு போடுங்கள். எலெக்ட்ரீசியன் தட்டித் திறந்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட ஓட்டைக்கு அடைப்பான் போடுங்கள். கதவு ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். சில ரூபாய் சாமான். பெட்டிக்குள் அந்துருண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நாள் வாடை இருக்கும், பிறகு உருண்டை கரைந்துவிடும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். எலியை ஓட்டக் காதுக்குக் கேளாத சத்தம் போடும் கருவி என்று ஒன்றும் விற்கிறார்கள். அந்தச் சத்தம் ஒரு மூட்டையைத் தாண்டாது, எலியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். இப்படிப்பட்ட கருவிகளை விற்கிறவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்துக்கு மெஷ் வாங்குங்கள்.

குளவியைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். சில வாரம் நிறுத்தி வைத்திருந்த விமானம் அது. வேகம் அளக்கிற சிறு குழாய்க்கு மூடி போடவில்லை. அதற்குள் மண்குளவி கூடு கட்டி அடைத்திருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையாளர்கள் வந்த முடிவு. நம் பட்டறையில் விமானம் இல்லை. ஆனால் காஸ் கட்டிங் டார்ச் இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, விசைத்தெளிப்பான் இருக்கிறது, மரை போட்டு வைத்த துளை இருக்கிறது. வாய் திறந்து கிடக்கிற குழாய் எதுவானாலும் குளவி மண்ணையும் மயக்கிய சிலந்தியையும் கொண்டுவந்து அடைத்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு மூடி. மூடி இல்லையா? மக்காச்சோளத் தக்கை போதும்.

தச்சுப் பட்டறைக்காரர்களுக்கு இரண்டே வார்த்தை. மூங்கிலிலும் வைரம் ஏறாத மரத்திலும் மாவுச்சத்து இருப்பதால்தான் உளுக்கிறது. வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கத்தால் அந்தச் சத்து குறைகிறது. கரையானுக்கு, பலகையைச் சுவரில் சாய்க்காமல் இரும்பு ஸ்டாண்டில் அடுக்குங்கள். மண்கோடு ஏறினால் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் தடுக்கலாம்.

இப்போது விஷத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். காரணம் தெரியுமா? அது மனிதனின் ஈரலைத் தின்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. தெரியாமல் வாயில் வைத்த குழந்தைகளும் போயிருக்கிறார்கள். துத்தநாக பாஸ்பைடு என்கிற கறுப்புப் பொடிக்கும் மாற்று மருந்து இல்லை. போதாக்குறைக்கு, கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த வாடைப் பக்கமே திரும்பாது. விஷம் தின்ற எலி எங்கே சாகும்? பேனலுக்குப் பின்னாலோ, சீலிங்குக்கு மேலோ. நாற்றம் உங்களுக்கு. வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்ற பூனைக்கும் நாய்க்கும் ஆபத்து. ஒரு ராத்திரிக்குச் சில எலிகளைப் பிடித்துத் தின்கிற கூகைக்கும் ஆபத்து. நமக்குச் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறவர்களை நாமே கொல்கிறோம்.

உள்ளே மாட்டிக்கொண்ட மிச்ச எலிக்குப் பொறி போதும். டெல்டாவில் தஞ்சாவூர் கிட்டி என்று மூங்கிலில் செய்த வில்பொறி இருக்கிறது, வயலுக்கு அது. பட்டறைக்கு எலிப்பெட்டி போதும். நடுத்தரையில் வைக்காதீர்கள், சுவரோரம் அந்தக் கரும்பட்டையின் மேல் வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டால் பயப்படும். அதனால் முதல் சில நாள் பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ உள்ளே வைத்துச் சும்மா தின்ன விடுங்கள். பழகிய பிறகு பூட்டுங்கள். ஒரே இரவில் வசூலாகும்.

எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், இது உங்களுக்கே தெரியும். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது ஓர் ஆய்வு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். அந்தக் கடிக்கு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த நம் இருளர் மக்கள். அதே மக்கள்தான் பானையில் புகை போட்டு எலி வளைக்குள் ஊதி, விஷமில்லாமல் எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். வயலோரப் பட்டறை என்றால், வளை எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களை அழைத்துக் கேளுங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் நிற்காதீர்கள். டாக்டரிடம் போய், பட்டறையில் எலி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே வரிசையில் ஐந்து கடை இருக்கிற இடத்தில் ஒருவர் மட்டும் அடைத்துப் பயனில்லை. நடுச்சுவருக்கு மேலே கூரை ஒன்று, எலிக்கு ஐந்து கடையும் ஒரே வீடு. மெஷ் ரோலாக வாங்கினால் விலையும் குறையும், ஒரே கொத்தனார் இரண்டு நாளில் வரிசை முழுக்க முடித்துவிடுவார். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாசலில் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். சுவரின் நீளத்தையும், ஷீட்டா ஓடா என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை ரோல் என்பதை இன்று மாலைக்குள் கணக்குப் போட்டுவிடலாம்.